விருந்துக்குக் கூப்பிட்ட ராஜா

காலை ஷிப்டுக்கு ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர்.

"சமாதான விருந்துன்னு கூப்பிட்டு, வந்தவனத் தன் கையாலயே வெட்டிப்போட்டானாம் அண்ணாச்சி," என்றான் தெற்கத்தி இளைஞன். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"எவன்?" என்றார் பக்கத்தில் இருந்த பென்னலூர்க்காரர். மடியிலிருந்த சாப்பாட்டு கேரியரின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"தியோடரிக்னு பழைய ராசா. மிஷின் மாட்ட வந்திருக்கிற ஜெர்மன்காரர் சொன்னதாம். இத்தாலி நாட்ட ஆண்டுக்கிட்டிருந்த ராசாவ வெட்டிட்டு, அந்த எடத்துல முப்பது வருசத்துக்கு மேல இவன் ஆண்டிருக்கான். ஆனா பொறவு வந்த கதையில, இவனத்தான் நாட்டவிட்டு வெரட்டிட்டாங்க, முப்பது வருசம் அலைஞ்சான், பாவம்னு ஆக்கிட்டாங்க."

"வெட்டினவன் பாவமா? இன்னா கத இது."

"நீங்க ஏன் நெளியுதீய? இன்னைக்கு லைன் லீடர் ஆகுதீய."

"அதாம்பா. செல்வம் இருந்த எடம். மனசுல வெச்சுக்காதன்னு சொல்லி, மத்தியானம் என்கூட சாப்பிடக் கூப்ட்டுகீறேன். வூட்ல மட்டன் கொழம்பு வெச்சுக் குட்த்தா."

"நல்லதுதான."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அவன சூப்பர்வைசராண்ட போட்டுக் குட்த்ததே நான்தான். அது அவனுக்குத் தெரியாது. நீ இந்த ராஜா கதைய அவனாண்ட சொல்லிக்கினு இருக்காத."

பஸ் கம்பெனி வாசலில் நின்றது. இளைஞன் எழுந்து பையை மாட்டிக்கொண்டான்.

"கதைய எனக்குச் சொன்னதே செல்வம் அண்ணன்தான். பஸ்ஸுல உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."