வித்தவுட்டில் வந்த நண்டு

பல் டாக்டர்: முதல் நாள் நாம பேசினது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு மேடம். "இது என்ன நண்டு?"ன்னு கேட்டேன். "கல்லுல ஒட்டிக்கிட்டு வந்த நண்டு"ன்னீங்க. "உங்க கடையில கடல் மீன் தொட்டிக்கு நான் கல்லு மட்டும்தானே வாங்கினேன்?"னேன். "அதான் சொல்றேன், ஐயா டிக்கெட் எடுக்காம வித்தவுட்ல வந்திருக்காரு"ன்னீங்க. அன்னிக்கே அவனுக்கு அந்தப் பேரு நிலைச்சுப் போச்சு...

கடைக்காரி: ஆமா, சொன்னேன். அதுக்கு இப்போ ஏன் கண்ணு கலங்குது?

பல் டாக்டர்: வித்தவுட் போயிட்டான் மேடம்.

கடைக்காரி: எங்க?

பல் டாக்டர்: எங்கன்னா... போயே போயிட்டான். இதோ, இந்த டப்பாவுல இருக்கான். காலையில பார்த்தா தொட்டி மூலையில மல்லாந்து கிடந்தான்.

அக்கா: யாருடி போயிட்டது? தொட்டிக்கு உப்பு கலக்கறதைப் பாதியில விட்டுட்டு ஓடி வர்றேன்.

கடைக்காரி: டாக்டரோட நண்டுதான்க்கா.

அக்கா: அட, நம்ம பல் டாக்டர்! க்ளினிக் ஹால்ல பேஷன்ட்டுங்க வேடிக்கை பார்க்கத் தொட்டி வெச்சிருக்காரே...

பல் டாக்டர்: வேடிக்கையா? அவன் கொடுக்கைத் தூக்கினா அத்தனை பேரும் தானா வாயைத் திறப்பாங்கக்கா. என் வேலையில பாதியை அவன்தான் பார்த்தான்.

கடைக்காரி: டாக்டர், ஒரு நிமிஷம். இதைக் கையில எடுத்துப் பார்த்தீங்களா?

பல் டாக்டர்: மனசு வரலை.

கடைக்காரி: பஞ்சு மாதிரி இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல. இது நண்டே இல்ல... சட்டை!

பல் டாக்டர்: சட்டையா?

கடைக்காரி: ஐயா வளர்ந்துட்டாரு. பழைய ஓடு பத்தலை. கழட்டிப் போட்டுட்டு ஏதோ பொந்துல ஜம்முனு உக்காந்திருக்காரு.

பல் டாக்டர்: உயிரோட இருக்கானா! ஐயோ மேடம்... நான் ஒருத்தருக்குப் பாதிப் பல்லு அடைச்சுட்டு, மீதி நாளைக்குன்னு சொல்லிட்டு ஓடி வந்தேன்!

அக்கா: நண்டு கழட்டிப் போட்ட சட்டைக்கு லீவு போட்ட ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.

கடைக்காரி: சிரிக்காதக்கா, பாவம்...

அக்கா: மொதல்ல நீ சிரிக்கறதை நிறுத்து. இங்க கொடு, பார்ப்போம். ம்... ஏய், கொடுக்கு நுனி கறுப்பு. கால் பூரா முடி. டாக்டர், தொட்டியில பவளமெல்லாம் இருக்குல்ல?

பல் டாக்டர்: இருந்துச்சு.

அக்கா: இருந்துச்சா?

பல் டாக்டர்: பச்சையா பூ மாதிரி ஒண்ணு இருந்துச்சே, அது போச்சு. அப்புறம் காளான் மாதிரி இருந்தது. அப்புறம் நத்தைங்க...

கடைக்காரி: நத்தையுமா! வாரா வாரம் வந்து சௌக்கியம், சௌக்கியம்னுதானே சொன்னீங்க?

பல் டாக்டர்: வித்தவுட் சௌக்கியமாத்தான் மேடம் இருந்தான்.

கடைக்காரி: மீனு?

பல் டாக்டர்: ஒண்ணு இருக்கு. மேல் மூலையிலயே நிக்குது. கீழ இறங்க மாட்டேங்குது.

அக்கா: கறுப்பு நுனி, முடிக்கால்னா பவளம், நத்தை எல்லாத்தையும் திங்கற ஜாதி. அதுக்குப் பேரு பவளத் தொட்டி இல்ல டாக்டர், நண்டு மெஸ்! இவனை இதுக்கு மேல உள்ள விடவே கூடாது. ஒரு கண்ணாடி டம்ளரைக் கல்லோரமா சாய்ச்சு வைங்க, உள்ள ஒரு துண்டு இறால் போடுங்க. திங்க வருவான், வழுக்கி விழுவான், ஏற முடியாது. இங்க கொண்டு வந்து கொடுத்துடுங்க. முடிஞ்சது கதை.

பல் டாக்டர்: முடிஞ்சதுன்னா...?

அக்கா: முடிஞ்சதுதான். அப்புறம் வாரா வாரம் நீங்க அலைய வேண்டாம் பாருங்க.

பல் டாக்டர்: அலைச்சல்னு நான் சொன்னேனாக்கா?

கடைக்காரி: அவசரப்படாதக்கா. இன்னும் ஒரே ஒரு வாரம் பார்க்கலாமே...

அக்கா: மறுபடியும் ஒரு வாரமா? நேத்து அந்த பேங்க்காரர் இதே மாதிரி நண்டைப் படம் எடுத்துட்டு வந்தாரே, அவர்கிட்ட என்னடி சொன்ன?

கடைக்காரி: உப்பு கரைஞ்சிருக்கும், போய்ப் பாருக்கா.

அக்கா: "கறுப்பு நுனி, முடிக்கால், இன்னிக்கே வெளிய எடுங்க!" அவ்வளவுதான். அந்த மனுஷன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கலை.

பல் டாக்டர்: அப்போ எனக்கு மட்டும் எதுக்கு வாரா வாரம்...

அக்கா: அதை அவகிட்டயே கேளுங்க. நான் உப்பு கலக்கப் போறேன். ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க... நண்டு விஷயத்துல!

பல் டாக்டர்: மேடம்...

கடைக்காரி: ம்.

பல் டாக்டர்: அக்கா சொன்னது...

கடைக்காரி: அக்கா சொன்னது இருக்கட்டும். டம்ளர் விஷயம் உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?

பல் டாக்டர்: தெரியும். முதல் வாரமே வெச்சேன். மாட்டினான்.

கடைக்காரி: மாட்டினானா!

பல் டாக்டர்: டம்ளருக்குள்ள உக்காந்து என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். இவனைக் கொடுத்துட்டா அடுத்த வாரம் உங்ககிட்ட வந்து என்னத்தைக் கேட்கறதுன்னு தோணுச்சு... திருப்பி விட்டுட்டேன்.

கடைக்காரி: அடப்பாவி மனுஷா! ஒரு தொட்டிப் பவளம்!

பல் டாக்டர்: வித்தவுட் அவன் மட்டும் இல்ல மேடம். நானும் இந்தக் கடைக்கு இத்தனை நாளா அப்படித்தான் வந்துட்டிருக்கேன். இன்னிக்கு அவன் செத்துட்டான்னு நினைச்சதும்... இனிமே எந்தச் சாக்கும் இல்லையேன்னு பயந்துட்டேன். ரொம்ப நாளா ஒண்ணு கேட்கணும்...

கடைக்காரி: கேளுங்க. இந்தத் தடவையாவது நண்டைப் பத்தி இல்லாம.

பல் டாக்டர்: என்னைக் கட்டிக்கறீங்களா?

அக்கா: உள்ள நல்லாவே கேக்குது! பதில் சொல்லுடி!

கடைக்காரி: அன்னிக்கு உங்க கல்லைப் பொட்டலம் கட்டினது நான்தானே... பொந்துக்குள்ள இருந்து ரெண்டு கறுப்பு நுனி எட்டிப் பார்த்துச்சு. பார்த்துட்டுத்தான் கட்டினேன். மறுநாளே பதறிக்கிட்டு வருவீங்க, எடுத்துடலாம்னு நினைச்சேன். நீங்க என்னடான்னா பேரு வெச்சு வளர்த்துட்டீங்க! வாங்க, டம்ளரோட நானும் வர்றேன். அவனுக்குத் தனியா ஒரு தொட்டி வைக்கணும்... இங்க வேண்டாம், நம்ம வீட்டுல.