பெரட்டு நேரத்தில் எண்ணிய வண்டுகள்

கோலா சிலாங்கூரிலிருந்து ஈஜோக் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஒரு லோரி ஓட்டுநரும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவர் தங்கையும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஒரு கெட்ட வார்த்தைகூட வரலையா?” என்று அண்ணன் கேட்டதும்தான் நான் காது கொடுத்தேன்.

“ஒன்னுகூட இல்லண்ணே. பூச்சி ஆராய்ச்சி பண்றவங்க கம்ப்யூட்டர்ல கூடிப் பேசுற எடத்துல, என் கட்டுரையைப் பத்தி எத்தனையோ நாட்டு ஆளுங்க எழுதினாங்க.”

“நம்ம தோட்டத்து லயத்து வீடுங்கள்ல பைப்புத் தண்ணிக்கே மண்டை உடையுது லா. சரி, ஒன் கட்டுரைய ஏன் திருப்பி அனுப்பினாங்க?”

“செம்பனைப் பூவுல வர்ற வண்ட தெனமும் விடியக்காலையில எண்ணினேன்ல? ஆராய்ச்சிப் பத்திரிகைக்காகப் படிச்சுப் பார்த்தவரு, மூனு மாசம் ஒருநாள்கூட விடாம யாரும் எண்ண முடியாது, பொய்யின்னுட்டாரு. அவரு யாருன்னு நமக்குச் சொல்ல மாட்டாங்க. அது அவங்க வழக்கம். கட்டுரை வரலைன்னா எனக்குப் பட்டம் இல்லண்ணே.”

“அதுக்கு அந்த எடத்துல நீ என்ன எழுதின?”

“கோவப்படாம எழுதினேன். எங்கம்மா விடிய அஞ்சு மணிக்குத் தோட்டத்துல வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுல பேர் கொடுக்கப் போவாங்க, நானும் கூடவே போயி மரத்தடியில நின்னுடுவேன்னு.”

“அப்பறம்?”

“நேத்து ஒருத்தரு அதே எடத்துல, எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதியிருக்காரு. அச்சடிச்சுக் கொண்டாந்தேன், இந்தாங்க. ‘பொய்யின்னு சொன்னது நான்தான். தப்பு என்னோடது. மறுபடி அனுப்புங்க, பத்திரிகைக்கு நானே எழுதுறேன்.’ கீழ முழுப் பேரும் போட்டிருக்காரு.”

அண்ணன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு சும்மா இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே.”

“ஆமாண்ணே.”

வெளியே தூறல் விழுந்தது. ஈஜோக்கில் இறங்குமுன் அவர் அந்தத் தாளை மடிக்காமல் சட்டைக்குள் வைத்து, கழுத்துவரை பொத்தானைப் போட்டுக்கொண்டார்.