செடி வச்ச டின்

— நில்லு, புனலை அப்படியே வை. இது என்ன டின்?

— உங்க பைக்குக்கு ஆயில்தான். நீங்க சொன்ன அதே நம்பர்.

— நம்பர் சரி. டின்னுல கார் படம் போட்டிருக்கே...

— படத்தையா இன்ஜின் பாக்கப் போகுது?

— இதை நீ சொல்ற. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில ஒன்பது வருஷமா கவுண்டர்ல நிக்கிறவ.

— கடையில கூட்டம். கைக்கு வந்ததை எடுத்துட்டு வந்துட்டேன்.

— ரெண்டு மாசம் முன்னாடி, போன தடவையும் கூட்டமா?

— போன தடவை என்ன?

— காலி டின்னை வெட்டி ஜன்னல்ல செடி வச்சிருக்கியே, அதுலயும் கார்தான். அன்னைக்கு, நீங்க குளிச்சிட்டு வாங்க, நானே ஊத்துறேன்னு என்னை உள்ள வேற துரத்துன.

— புருஷனுக்கு ஒத்தாசை பண்ணா அது ஒரு குத்தமா?

— பைக்குல கிளட்ச் ஆயிலுக்குள்ளயே முங்கிக் கிடக்கும், கார் ஆயில் ஊத்தினா பிடிக்காம நழுவும்னு கல்யாணம் ஆன புதுசுல எனக்கே பாடம் எடுத்தவ நீ. இப்ப என் வண்டி நழுவுது. ஆக்சிலரேட்டரை முறுக்கினா இன்ஜின் கத்துது, வண்டி ஓட மாட்டேங்குது.

— எப்போ?

— எப்போன்னா... ஆபீஸ் போகும்போது.

— நாற்பதைத் தாண்ட மாட்டேன்னு சொல்வீங்களே. நாற்பதுல போறவருக்கு நழுவுறதே தெரியாதுங்க. ஒரேயடியா முறுக்கினாத்தான் தெரியும்.

— பேச்சை மாத்தாத.

— ஞாயித்துக்கிழமை காத்தடிக்கப் போறேன்னு மூணு மணி நேரம் போறீங்க. டயருக்கா, ஊருக்கேவா?

— பங்க்ல வரிசை...

— உங்க கூட்டாளி போன வாரம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து காலை ஒடச்சுக்கிட்டார்னு சொன்னீங்க. ஆஸ்பத்திரியில பாத்தேன். முதுகு பூரா சரளைக்கல்லு கீறல். அவங்க வீட்டு பாத்ரூம்ல ரோடு போட்டிருக்காங்களா? பைபாஸ்ல பந்தயம் விடுறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்க.

— அப்போ... தெரிஞ்சேதான் ஊத்தியிருக்க.

— ஆமா. கேட்டா என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவீங்க. வண்டியாவது என் பேச்சைக் கேக்கட்டும்னு ஊத்தினேன்.

— லாரியைத் தாண்டும்போது நழுவியிருந்தா?

— அதை நான் யோசிக்கல. உங்க கூட்டாளியைக் கட்டோட பாத்தப்புறம்தான் ஒறைச்சுது. அன்னையிலேர்ந்து சோறு எறங்கல. பையில இன்னொரு டின் இருக்கு, பாருங்க.

— இது... பைக் ஆயில்.

— ரெண்டும் வாங்கிட்டுத்தான் வந்தேன்.

— பின்ன எதுக்குக் கார் டின்னை நீட்டின?

— வாயைத் திறக்குறீங்களான்னு பாக்கத்தான். நழுவுதுன்னு நீங்களே சொன்னா இன்னும் முறுக்குறீங்கன்னு அர்த்தம். சொல்லிட்டீங்க.

— அது பழைய கதை.

— எது?

— நழுவினது. நீ ஊத்தின முதல் ஞாயிறே தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்ததும் ஜன்னல்ல செடி வச்ச டின்னைப் பாத்தேன்.

— ரெண்டு மாசமாவா? பொய். தெரிஞ்சா அன்னைக்கே வடிச்சு மாத்தியிருப்பீங்க.

— மாத்தல. கிளட்ச் சரியில்லப்பான்னு சொல்லிட்டு பந்தயத்துல எல்லாருக்கும் பின்னாடி போனேன். சிரிச்சாங்க. எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

— நிம்மதியா?

— பயமா இருக்குன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது...

— அப்போ இன்னைக்கு எதுக்கு இந்தக் குறுக்கு விசாரணை?

— தெரியாம ஊத்தினியா, வேணும்னே ஊத்தினியான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. என் கூட்டாளி விழுந்த வளைவுல... நீ ஊத்துறதுக்கு முன்னாடி எப்பவும் முதல்ல போனது நான்தான்.