டாக்டரம்மாவோட காகிதங்கள்

அந்தப் பெட்டிய நீங்க தூக்காதீங்கம்மா, கனம். அடியில ஊசி கொதிக்க வைக்கிற பழைய பாத்திரம் இருக்கு. என்ன, அதுவும் உங்க ஆவணக் காப்பகத்துக்கு வேணுமா? அட, தாராளமா எடுத்துக்கோங்க. பெரிய பெரிய ஆபரேஷன் பண்ணவங்களுக்குத்தான் கண்ணாடி அலமாரில இடம்னு நெனச்சுட்டிருந்தேன். சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து எழுதின குடும்ப டாக்டரோட காகிதத்தையும் பத்திரப்படுத்தணும்னு வண்டி எடுத்துட்டு வந்திருக்கீங்களே!

ஆமா, ரெண்டு தடவ உங்கள வெறுங்கையோட அனுப்பிட்டேன். கோவம்தானே? வாய் இல்லைங்குது, முகம் வேற சொல்லுது. சொல்றேன், ஏன்னு சொல்றேன்.

கதவா? நான்தான் சாத்தினேன். தெறந்து வெச்சா நாம ஒரு வார்த்த பேசிக்க முடியாது. கீழ கிளினிக்கு, மேல வீடு, நடுவுல ஒரு படிக்கட்டு. என் உலகம் அவ்வளவுதான். தூக்கத்துல பாதி அந்தப் படிக்கட்டுலயே போயிருக்கு.

கல்யாணமா? எங்க! எனக்குப் பேசின மாப்பிள்ளையோட அம்மா வந்த அன்னிக்கே மூட்டுவலிக்கு மருந்து எழுதி வாங்கிட்டுப் போனாங்க. கல்யாணப் பேச்சு அதோட நின்னுடுச்சு. மருந்துக்கு மட்டும் வருஷக்கணக்கா வந்தாங்க. சிரிங்க, சிரிங்க, நானும் சிரிச்சுட்டேன்.

ஒரு தடவ குளியலறைல வழுக்கி மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு. கட்டுப் போட்டுட்டு வந்து பாத்தா கேட்டுல ஒரே கூட்டம். பாதிப் பேரு கண்ணக் கசக்கறாங்க. எனக்காக அழறாங்களேன்னு நானே சமாதானம் சொல்லப் போனேன். அப்ப ஒருத்தர் முன்னாடி வந்து கேக்கறார், ரத்த அழுத்த மாத்திரைய இடது கையால எழுதித் தர முடியுமா டாக்டரம்மான்னு. என்ன பண்றது, எழுதித்தான் கொடுத்தேன். கோழி கிறுக்கின மாதிரி. தப்பா எடுத்துக்காதீங்க, பாசம்தான். கழுத்த நெரிக்கிற பாசம்.

அந்த நோயாளிங்க கோப்பெல்லாம் சொன்னபடி பூட்டி வெச்சுடுவீங்கல்ல? அவங்க பேரப்பிள்ளைங்க காலம் முடியற வரைக்கும் யாரும் பிரிக்கக் கூடாது. சரி, அப்ப நிம்மதி. இந்த ஊர்ல யாருக்கு என்ன வியாதி, யாரு எத ஒளிக்கிறாங்க, எல்லாம் எனக்குத் தெரியும்.

எனக்கா? எனக்கு யாரு டாக்டர்னா கேக்கறீங்க? இவ்வளவு வருஷத்துல இதக் கேட்ட மொத ஆள் நீங்கதான்.

இங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, இல்லைங்கல. ஸ்கேன் எடுக்கற பொண்ணு நான் பிரசவம் பாத்துப் பொறந்தவ. என் படத்தப் பாத்தா அங்கயே மயங்கி விழுவா. அப்புறம் அவளுக்கு நான்தான் தண்ணி தெளிக்கணும். சாயங்காலத்துக்குள்ள கேட்டுல மறுபடியும் கூட்டம்.

அதான் போன மாசம் ஒரு கூத்து பண்ணேன். யார்கிட்டயும் சொல்லாம பஸ் புடிச்சு வேற ஊருக்குப் போனேன். தலைல துணிய சுத்திக்கிட்டு, கருப்புக் கண்ணாடியும் போட்டுக்கிட்டு, ஏதோ திருடி மாதிரி. ஆஸ்பத்திரில வேற பேரக் கொடுத்துட்டு பெஞ்சுல உக்காந்தேன். பக்கத்துல ஒரு அம்மா வெச்ச கண்ணு வாங்காம என்னையே பாக்கறாங்க. டாக்டரம்மா தானே, என் தங்கச்சிக்குப் பிரசவம் பாத்தீங்களேன்னாங்க. அவ்வளவுதான். கால நீட்டிட்டாங்க, இந்த வீக்கத்தக் கொஞ்சம் பாருங்கன்னு. பாத்தேன். அவங்களுக்கு அடுத்தவர் நாக்க நீட்டினார். அதையும் பாத்தேன். சத்தம் கேட்டு உள்ள இருந்த டாக்டரே வந்துட்டார். மேடம், படிக்கிற காலத்துல உங்க பேச்சக் கேட்டிருக்கேன், யாரக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, பேஷண்ட் எங்கன்னு என் பின்னாடி எட்டிப் பாக்கறார்.

நான்தாங்க பேஷண்ட்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. வெளிய வரலையே! சும்மா இந்தப் பக்கமா வந்தேன், உங்களப் பாத்துட்டுப் போலாம்னு உளறிட்டேன். டீ வரவழைச்சுக் கொடுத்தார். குடிச்சுட்டு வந்து பஸ் ஏறிட்டேன்.

எதுக்குப் போனேனா? ஒண்ணுமில்லம்மா, இடது மாருல ஒரு கட்டி. மழை ஆரம்பிச்சப்பதான் கைல தட்டுப்பட்டுது. எத்தனையோ பொம்பளைங்களுக்குத் தொட்டுப் பாத்துச் சொல்லியிருக்கேன், இந்தக் கை ஏமாந்ததில்ல. என் உடம்புன்னு வர்றப்ப மட்டும் தடுமாறுது. ஒரு நாள் இருக்குங்குது, மறுநாள் நீயா கற்பனை பண்ணிக்கறங்குது.

கையக் கொடுங்க. உங்களுக்கு வைத்தியம் தெரிய வேணாம், கை இருந்தாப் போதும். ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு? பயப்படாதம்மா, ஒட்டிக்கிற வியாதி இல்ல. இங்க. இன்னும் கொஞ்சம் அக்குள் பக்கமா. நகம் படாம, விரலத் தட்டையா வெச்சு அழுத்து.

இருக்குல்ல?

ம். அப்ப சரி.

அழாதம்மா. நான் அழணும், நீ அழறியே. உங்க ஊர்ல என்னை யாருக்கும் முகம் தெரியாதுல்ல? அதுக்குத்தான் இன்னிக்கு வரச் சொன்னேன். முன்ன ரெண்டு தடவயும் உன்கூடக் கெளம்ப தைரியம் வரல, அதான் திருப்பி அனுப்பிட்டேன். பெட்டிகளோட நானும் வர்றேன், அங்க ஒரு டாக்டர்கிட்டக் காட்டிக்கறேன். யாராவது கேட்டா, காகிதத்த ஒப்படைக்கக் கூடவே வர்றாங்கன்னு சொல்லு. பொய்யும் இல்ல பாரு. இந்தக் கடைசிப் பெட்டில மட்டும் சீட்டு எதுவும் ஒட்டாத, என் துணிமணி இருக்கு.

யாரோ தட்டறாங்க. இருங்க, வர்றேன்!

நம்ம தையல்காரர். இருமலக் கேட்டாலே தெரியுது, நெஞ்சுல நல்லா சளி கட்டியிருக்கு. டிரைவர்கிட்டச் சொல்லும்மா, வண்டிய அணைக்க வேணாம்னு. இவர் ஒருத்தர மட்டும் பாத்துட்டு வந்துடறேன்.