பத்து நாள் நகராத செவ்வாய்

காலை கும்மிடிப்பூண்டி ரயிலில், எனக்கு எதிரே இரண்டு பேர். ஒருவர் பல்கலைக்கழகத்தில் வானியல் நடத்துகிறவர், மடியில் மாணவர்களின் நோட்டுக் கட்டு. மற்றவர் காக்கிச் சட்டைக்காரர்.

"பத்து நாள் செவ்வாய் கிரகத்தைப் பாத்து, எவ்ளோ நகருதுன்னு குறிக்கச் சொன்னேன். எண்ணூர்ப் பொண்ணு ஒண்ணு, துளிகூட நகரலைன்னு எழுதியிருக்கு."

"எங்கேர்ந்து பாத்துச்சாம்?"

"வீட்டு மொட்டை மாடிலேர்ந்து. அனல் மின் நிலையத்துச் சிம்னிக்கு மேல, செகப்பா தெரிஞ்சுதாம்."

"சார், அது பிளேனு மோதாம இருக்க வெச்ச லைட்டு. நான்தான் மாட்னேன்."

வாத்தியார் நோட்டை மூடினார்.

"பாவம் சார், பத்து நாளும் மெய்யாலுமே பாத்துக்கீது. பாஸ் போட்டு வுடுங்க."

"நகரவே இல்லைன்னு எழுதியிருக்கேப்பா."

"நல்லா இறுக்கி மாட்டிக்கீறேன் சார். எப்டி நகரும்?"