கிளைவ் பேர் போட்ட மூட்டு

— இதை மட்டும் விட்டுடு டார்சி. மத்த மூட்டெல்லாம் கழட்டிக்கோ.

— எப்படி விடறது நோலீன்? பம்ப்பையே மாத்தப் போறாங்க. பம்ப்பையும் பைப்பையும் சேர்க்கிற ஃபிளேஞ்ச் இது. இதைக் கழட்டாம புது பம்ப்பை எங்க உட்கார வைக்கிறது?

— நாலு வருஷமா ஒரு சொட்டு கசியல.

— கசியுதுன்னு யாரு சொன்னா?

— என் புருஷன் கடைசியா முடுக்கினது இது. அந்த அக்டோபர்லயே படுத்தான், கிறிஸ்துமஸ் கோடை வெயில்ல புதைச்சோம்.

— சவப்பெட்டியைத் தூக்கினவன்கிட்டயே சொல்றியே.

— அவன் சட்டை, தூண்டில், படகு எல்லாம் கொடுத்தாச்சு. மிச்சம் இந்தப் பன்னிரண்டு போல்ட்டுதான். தினமும் வேலை முடிஞ்சு ஸ்டோர் ரூமைப் பூட்டிட்டுப் போறப்ப தொட்டுட்டுதான் போவேன். பைத்தியம்னு வேணா நினைச்சுக்கோ.

— இப்படி நிழலுக்கு வா. ஒண்ணு சொல்லணும். வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்.

— என்ன?

— இதை முடுக்கினது கிளைவ் இல்ல. நான். எதிரெதிர் போல்ட்டா, கொஞ்சம் கொஞ்சமா மூணு சுத்து வரணும். நடுங்குற கையோட அவனால ஒரு சுத்துகூட முடியல. வீட்டுல உட்கார வெச்சா நாளைக்கே செத்துடுவேன்டான்னான். மூட்டுல கட்டற அட்டையில முடுக்கினவன் பேருதான் இருக்கணும்னு தெரியும். தெரிஞ்சேதான் உன் பேரையே போட்டுக்கோடான்னேன். கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கட்டினான்.



— கையெழுத்து அவன் போடல.

— என்ன சொல்ற?

— அந்தக் கையில பேனா எங்க நிக்கும்? அட்டையை எடுத்துக்கிட்டு ஸ்டோருக்கு வந்தான். நான்தான் போட்டுக் கொடுத்தேன். பேனாதான் முடியல, ஸ்பேனர் பிடிக்கிறான்னு நம்பிட்டு இருந்தேன்.

— திருட்டுப் பய. ரெண்டு பேரையும் நல்லா ஏமாத்தியிருக்கான்.

— முடுக்கினது நீ, எழுதினது நான். அப்போ இதுல கிளைவ் எங்க டார்சி? எதையுமே அவன் தொடலையா?

— நான் இந்தப் பக்கம் முடுக்கினா போல்ட்டு சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். பின்பக்கம் நட்டை ஒரு ஆள் பிடிச்சுக்கணும். கையில தெம்பில்லன்னு ஸ்பேனருக்குத் தோளைக் கொடுத்து நின்னான். பன்னிரண்டுக்கும் நின்னான். ஒண்ணுகூட வழுக்க விடல.

— அந்த ஸ்பேனரை இங்க கொடு. பின்பக்கம் நான் பிடிச்சுக்கறேன், நீ கழட்டு.