கூவாத எஞ்சின்

“அந்தக் கூவுற சத்தத்த மட்டும் கழட்டிருங்க நானா.”

உக்குவளை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர் சொன்னார். அவர் மடியில் கைக்குழந்தை அளவுக்கு ஒரு பொம்மை ரயில் எஞ்சின். அதற்குள் ரிமோட்டுக்கான ரிசீவரும், சத்தம் எழுப்பும் டீகோடரும் பொருத்திக் கொடுத்தவர் பக்கத்தில் இருந்தார்.

“அசல் கோச்சி மாதிரியே கூவணும்னு நீங்கதானே கேட்டீங்க?”

“வாப்பா கோச்சி ஓட்டினவர். இப்ப எங்க யாரையும் அடையாளம் தெரியல. இதக் கேட்டாச் சந்தோஷப்படுவார்னு நெனச்சேன்.”

“சந்தோஷப்படலியா?”

“டியூட்டிக்கு நேரமாச்சுன்னு எழும்பினார். நான் தண்ணி எடுத்துட்டு வாறதுக்குள்ள ஆளக் காணோம். தேடித் தேடி, கடைசியில தண்டவாளத்துலதான் கண்டோம். செருப்புகூட இல்லாம நடந்துக்கிட்டிருந்தார்.”

மற்றவர் எஞ்சினின் மேல்மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“என்னக் கண்டதும் பேரச் சொல்லிக் கூப்பிட்டார் நானா. ரெண்டு வருஷத்துக்குப் பொறகு.”

“அப்படின்னா சத்தம் இருக்கட்டுமே. நீங்க பக்கத்துல இருக்கிற நேரம் மட்டும் போடுங்க.”

அவர் எஞ்சினைத் தூக்கி மற்றவர் மடியில் வைத்தார்.

“வேணாம். எனக்கு ஆசை வந்து திரும்பத் திரும்பப் போடுவேன்.”